கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

முதல் நாள், புதன், ரயிலில்

மாட்டுப் பொங்கலன்று காலை திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறினேன். நாகர்கோவிலிலிருந்து மும்பை போகிற எக்ஸ்பிரஸ். பையில் நான்கு செட் உடுப்பு, அத்தைக்கு அல்வா, மாமாவுக்குக் கருப்பட்டி. ஷூவை மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மும்பை மாரத்தானில் அரை மாரத்தான் ஓடப்போகிறேன். 21.097 கிலோமீட்டர். சாகும் எண்ணத்தோடு இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் துணை நிற்கும் ஓர் அமைப்புக்காக நிதி திரட்டி ஓடுகிறேன்.

என் தம்பி மூன்று வருடங்களுக்கு முன் மும்பையில் தற்கொலையால் இறந்தான். அப்போது அவனுக்கு 26 வயது.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. "எப்படிப் போனான்னு வேணும்னா சொல்லிக்கோ. பேரை மட்டும் போடாத" என்று அம்மா கேட்டுக்கொண்டாள். அந்த அளவுக்கு அவள் இறங்கி வந்ததே பெரிது. எனவே இந்த ஆறு நாளும் அவன் தம்பி, அவ்வளவுதான்.

மதுரை தாண்டியதும் எதிர் இருக்கைப் பாட்டி டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டினார். மகன் வீட்டுக்கு, கல்யாண் போகிறாராம். ஊர் கேட்டார், வேலை கேட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பிறகு எனக்குத் தெரிந்த அந்தக் கேள்வி வந்தது. "கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

இதற்கு நான் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் வருடம், "ஒரு தம்பி, பம்பாயில வேலை பாக்கான்." அதைச் சொல்லும்போது அவன் உண்மையாகவே அங்கே வேலை பார்ப்பதுபோல ஒரு நிமிடம் இருக்கும். அதற்காகவே சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வருடம், "நான் ஒருத்திதான்." அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தொட்டிலாட்டி வளர்த்தவனை என் வாயாலேயே பிறக்காதவன் ஆக்கிவிட்டேன்.

"ஒரு தம்பி பாட்டி. இறந்துட்டான். தற்கொலை."

பாட்டி முறுக்கைக் கீழே வைத்தார். அடுத்து "ஏன்?" என்று வரும். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், காதலா, கடனா என்று. பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா சாப்பிடுவானா?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. நல்லா சாப்பிடுவான் பாட்டி. சொதியும் இஞ்சிப் பச்சடியும் இருந்தால் அவனை இலையிலிருந்து எழுப்ப முடியாது. சின்ன வயசில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கி என் இலைக்குத் தள்ளிவிடுவான், பிறகு அதையே திருடித் தின்பான். திண்டுக்கல் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். பாட்டி இடையில் ஒன்றும் பேசவில்லை. அவ்வப்போது "உம்" மட்டும்.

இரண்டாம் நாள், வியாழன், தாராவி

குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் எல்லாம் படுத்துக்கொண்டே கடந்தன. புனே தாண்டி மலை இறங்கும்போது எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். தம்பிக்குப் பிடித்த இடம் அது. முதன்முதலாக வேலைக்குப் போனபோது அங்கிருந்து போன் செய்து, "யக்கா, குகைக்குள்ள போறோம், சிக்னல் போயிரும்" என்று சொல்வான். அடுத்த குகையிலும் சொல்வான். அத்தனை குகைக்கும் சொன்னான்.

மாலையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில், சுருக்கமாக சி.எஸ்.எம்.டி.யில், இறங்கினேன். ஞாயிறன்று ஓட்டம் முடிகிற இடம் இந்த ரயில் நிலையத்தின் பக்கத்தில்தான். இன்று பையோடு வந்த இடத்துக்கு நாளை மறுநாள் கழித்துக் காலால் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, லோக்கல் பிடித்து சயானில் இறங்கி 90 அடி ரோட்டுக்கு நடந்தேன்.

காணும் பொங்கல். தெருவில் கரும்புச் சக்கை, வாசல் நெடுக முந்தாநாள் கோலத்தின் மிச்சம், அடுப்பு வைத்த செங்கல்லில் கரி. தாராவித் தமிழர்கள் பொங்கலைத் தெருவில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்குவார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பலர். எங்கள் மாமாவின் அப்பாவும் அப்படி வந்தவரே.

"ஏட்டி, எலும்பும் தோலுமா வந்து நிக்கிய" என்று அத்தை வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. தம்பி மும்பை வந்த புதிதில் இரண்டு வருடம் அந்த மேல் அறையில்தான் இருந்தான். பிறகு ஆபீஸ் பக்கம் என்று சொல்லி நவி மும்பையில் ரூம் எடுத்துப் போனான். அவன் தலை இடிக்காமல் இருக்க ஏணி உச்சியில் மாமா கட்டிவைத்த பழைய துணிப்பந்து இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் குட்டை. என் தலை அதில் படவே படாது.

மாமாவைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு நவி மும்பைக்கு ஓடியவர் அவர். போலீஸ் பஞ்சநாமாவில் கையெழுத்துப் போட்டவர், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர், எங்களுக்குப் போன் செய்தவர். "ஹார்ட் அட்டாக்" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு நாளில் உண்மை தெரிந்தது. ஆனால் ஊருக்கு அதுவே நிலைத்துவிட்டது. கேஸாகிவிடும், குடும்பத்தையே ஸ்டேஷனில் நிற்க வைப்பார்கள், எனக்கு வரன் வராது, அம்மா தெருவில் நடக்க முடியாது. இத்தனை பயத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்து, அவர் எங்களுக்காகச் சொன்ன பொய் அது. அந்தப் பொய்க்காக அவர்மேல் எனக்குக் கோபம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அந்தப் பொய்க்குள் மூச்சு முட்டியது.

கேஸ் என்கிற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் இதை எழுதிவைக்கிறேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309 என்றொரு பிரிவு இருந்தது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு நிகரான பொதுப் பிரிவே இல்லை. பிழைத்துவந்த பிள்ளையைக் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் யாரும் வைத்திருக்க வேண்டாம்.

ராத்திரி மாமா, ஓட்டத்தில் போட நான் கொண்டுவந்த டி-ஷர்ட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள், வெள்ளி, பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ்

காலையில் பிப் வாங்கப் போனேன். மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டைக்கு அதுதான் பெயர். தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் கண்ணாடிக் கட்டடங்கள். அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, கூட்டத்தில் இடிபட்டு வாங்கி வந்தேன்.

இந்த மாரத்தான் 2004-இல் தொடங்கியது. இதில் ஓடுகிறவர்கள் வழியாகத் தொண்டு அமைப்புகளுக்கு நிதி சேர்க்கும் ஏற்பாட்டை யுனைடெட் வே மும்பை கவனிக்கிறது. ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நமக்கென ஒரு பக்கம் திறந்து, தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். எனக்கு வைத்த இலக்கு ஒன்றரை லட்சம். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். என் போனில் இருப்பவர்கள் சக டீச்சர்கள், பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள், பால்காரர்.

செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் அன்று முதல் செய்தியை அனுப்பத் திட்டம். பதினோரு முறை எழுதி அழித்தேன். "மனநல விழிப்புணர்வுக்காக ஓடுகிறேன்" என்று மட்டும் போட்டால் காசு வரும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் எதற்காக ஓடுகிறேனோ அதை மறைத்துக்கொண்டு எப்படி ஓடுவது? கடைசியில் நான்கே வரி எழுதினேன். நாங்கள் ஊரில் சொன்னது உண்மையில்லை, தம்பி தற்கொலையால் இறந்தான், அவன் நினைவாக ஓடுகிறேன், முடிந்ததைக் கொடுங்கள். அனுப்பிவிட்டுப் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன்.

அதன்பின் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. கேட்டது பணம். வந்தது பணத்தோடு சேர்ந்த பேச்சு. பணம் தர நினைப்பவர் எப்படியும் ஒரு போன் செய்வார். செய்தால் தம்பியைப் பற்றிப் பேசாமல் முடியாது. 163 பேர் கொடுத்தார்கள். 163 பேரிடமும் அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன். முதல் பத்துப் பேரிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நூறாவது ஆளிடம் "தம்பி" என்கிற சொல்லும் "தற்கொலை" என்கிற சொல்லும் அழாமல் ஒரே வாக்கியத்தில் வந்தன. தம்பியைப் பற்றி அம்மாவிடம் என்னால் பேச முடிந்தது அதற்குப் பிறகுதான்.

நிதி திரட்ட நினைக்கும் வேறு யாருக்காவது உதவுமே என்று சில விஷயங்கள். வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது வேண்டுமென்றால் பான் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் அது இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தங்களிடம் வாங்க, அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு இருக்க வேண்டும். ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் தன் சம்பளத்திலிருந்து தருவது வெளிநாட்டு நிதிக் கணக்கில் வராது. இது தெரியாமல் முதல் மாதம் மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மொத்தம் 2,38,400 ரூபாய். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்க, இரவு நேரத்தில் போன் எடுப்பவர்களுக்கு வண்டிச் செலவு கொடுக்க அது போகிறது. பால்காரர் 500 கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எங்க அண்ணனும் அப்படித்தான் டீச்சர்" என்றார். பதினாறு வருடமாக எனக்குப் பால் ஊற்றுகிறவர்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். மாநில வாரியாக முதலில் மகாராஷ்டிரா, 22,746. அடுத்து தமிழ்நாடு, 19,834. நான் இரண்டாவது மாநிலத்திலிருந்து முதல் மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். இந்த 1,70,924-க்குப் பின்னால் எத்தனை பால்காரர்கள்.

நான்காம் நாள், சனி, மாட்டுங்கா

ஓட்டத்துக்கு முதல் நாள் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் மாட்டுங்காவுக்குப் போய்ப் பூ வாங்கினேன். மல்லிகையும் வாழையிலையும் ஃபில்டர் காப்பியும் கலந்த வாசம், திருநெல்வேலி மேல ரத வீதியில் நிற்பதுபோல இருந்தது. பிறகு, பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடுகிறவர்களைப் பார்க்கப் போனேன். தற்கொலையால் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் மாதம் ஒருமுறை அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அன்று ஒன்பது பேர். மகளை இழந்த அப்பா, கணவனை இழந்தவர், என்னைப் போல அக்காக்கள் இரண்டு பேர். இந்தியும் மராத்தியுமாகப் பேச்சு. என் இந்தி போதவில்லை. பாலக்காட்டு மாமி ஒருவர் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே ஒரு வழக்கம். எப்படி இறந்தார் என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. இறந்தவர் யார் என்பது மட்டும்தான். என்ன பாட்டுக் கேட்பார், எதற்குச் சிரிப்பார். ரயில் பாட்டி யாரும் சொல்லித்தராமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்.

என் முறை வந்தபோது கடைசிப் போனைப் பற்றிச் சொன்னேன். இதுவரை எங்கும் எழுதாதது. ராத்திரி பத்தரை மணி. அரையாண்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

"யக்கா, தூங்கிட்டியா?"

"பேப்பர் கெடக்குலே. என்ன விஷயம்?"

"சும்மாதான்."

"நாளைக்குக் கூப்பிடுதேன், என்ன?"

"சரி."

சும்மாதான். நம் மொழியில் இதைவிட எளிய சொல் இல்லை, இப்போது எனக்கு இதைவிடக் கனத்த சொல்லும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன் தன் கிரிக்கெட் மட்டையை அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டான். மாதக்கணக்கில் தூக்கமில்லை என்று சொல்லியிருந்தான். பிடித்த பொருளைக் கொடுத்துவிடுவது, தூக்கம் கெடுவது, பேச்சு சுருங்குவது, எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்று இப்போது தெரியும். அன்று, மட்டையைக் கொடுத்தான் என்றபோது "பெரியாளாயிட்டான்" என்று சந்தோஷப்பட்டோம்.

ஏன் செய்தான் என்று ஒரே காரணத்தைத் தேடுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆபீஸ் என்பார்கள், கடன் என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல சேர்ந்துதான் ஒரு மனுஷன் அந்த இடத்துக்குத் தள்ளப்படுகிறான். அதில் கவனிக்கப்படாத மனநோயும் இருக்கலாம். அந்த இடத்திலிருந்து திரும்பவும் முடியும் என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் அவரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். அந்தக் கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன. நடுவில் ஒரு பூட்டும், போய்வர ஆகும் கொஞ்ச நேரமும்தான். அந்த நேரத்துக்குள் மனசு மாறுகிறது, யாராவது எதிரே வருகிறார்கள். சாவைத் தேடும் வேகம் பலருக்கும் அலைபோல எழுந்து இறங்குகிறது. அந்த நேரத்தைக் கடக்கத்தான் துணை வேண்டும்.

நான் எந்த அமைப்புக்காக ஓடுகிறேனோ அது, நிதி திரட்டுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. அதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு பாடம்: நேராகக் கேள். 'சாகணும்னு தோணுதா?' என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டால் பலருக்குச் சுமை இறங்குகிறது. ஆனால் நம் வீட்டுத் தமிழில் அந்தச் சொல்லுக்கே இடம் இல்லையே. சாவு வீட்டையே 'பெரிய காரியம்' என்பவர்கள் நாம். 'வாயில வைக்காத' என்று அடிக்கிற அம்மாக்கள் நம் அம்மாக்கள். கண்ணாடி முன் நின்று பழகினேன். "சாகணும்னு தோணுதாலே?" மூன்றாவது முறை சொன்னபோது, அந்த ராத்திரி போனில் கேட்டிருக்க வேண்டிய குரல் அதுதான் என்று தெரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாலக்காட்டு மாமி இதை மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னார். மகளை இழந்த அப்பா எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, மாஹிமிலிருந்து

மூன்று மணிக்கு எழுந்தேன். அத்தை எனக்கு முன்னால் எழுந்து இட்லி ஊற்றியிருந்தாள். ஓடும் அன்று புதிதாக எதுவும் சாப்பிடக்கூடாது என்பார்கள். இட்லி எனக்குப் புதிதில்லை.

அரை மாரத்தான் மாஹிமில் தொடங்குகிறது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். தம்பி மட்டையைக் கொடுத்தானே, அந்த அத்தை மகன், இப்போது 19 வயது, என்னோடு வந்தான். இருட்டில் பேசாமல் நடந்தோம். மாஹிம் தேவாலயத்தின் பக்கம் வந்தபோது, "அத்தாச்சி, அந்த மட்டையை நான் இன்னும் தொடல" என்றான். "தொடு. விளையாடு. அவன் விளையாடத்தான் கொடுத்தான்" என்றேன். அவன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டுக் கூட்டத்துக்குள் போனேன்.

விடியுமுன் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் பாந்த்ரா-வொர்லி கடல் பாலம். 2009-இல் திறந்தது, 5.6 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கும் இருசக்கர வண்டிக்கும் அதில் அனுமதி கிடையாது. மாரத்தான் அன்று காலையில்தான் கால்கள் படலாம். "அதுல ஒருநாள் நடந்து போகணும் யக்கா" என்று தம்பி சொல்லியிருக்கிறான். இரண்டு பக்கமும் கருங்கடல், தலைக்குமேல் கம்பிகள் விளக்கொளியில், ஆயிரக்கணக்கான ஷூக்களின் சத்தம் மட்டும் மழைபோல. வ.உ.சி. மைதானத்தில் எட்டு மாதம் சுற்றிச்சுற்றி ஓடியதெல்லாம் இந்த ஒரு பாலத்துக்குத்தான் என்று தோன்றியது. பாலத்தின் நடுவில் கொஞ்ச தூரம் நடந்தேன். நடந்து போக வேண்டும் என்றுதானே சொன்னான்.

என் டி-ஷர்ட்டின் முதுகில் இருந்தது இது: 'என் தம்பி தற்கொலையால் இறந்தான். உங்கள் வீட்டில் யாராவது வாடியிருந்தால் நேராகக் கேளுங்கள். 14416.' கீழே சின்ன எழுத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும். தாண்டிப் போகிறவர்கள் சிலர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

வொர்லிக் கடற்கரையில் வெளிச்சம் வந்தது. தண்ணீர் தரும் மேஜையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து தமிழ்க் குரல்.

"அக்கா… அந்த நம்பர்ல தமிழ்ல பேசுவாங்களா?"

தன்னார்வலர் டி-ஷர்ட் போட்ட பையன். தம்பி இறந்தபிறகு மாணவர்கள் 'டீச்சர்' என்பார்கள், தெருவில் 'மேடம்' என்பார்கள். 'அக்கா' என்று இப்படி ஒரு பையன் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது. நின்றேன்.

"பேசுவாங்க தம்பி. காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. யாருக்குக் கேக்க?"

கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "சும்மாதான்."

மேஜைக்குப் பின்னால் நடைபாதை ஓரமாக அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி முன் பழகிய அந்தக் குரலில் கேட்டேன். "உனக்குச் சாகணும்னு தோணுதா?"

உடனே நிமிர்ந்து பார்த்தான். "எனக்கில்லக்கா. ரூம்ல கூட இருக்கவன். ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கான். நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லதுங்கான். கேக்கப் பயமா இருக்கு."

சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். போனதும் கேள், நான் உன்னைக் கேட்ட மாதிரியே. 'ஆமா' என்று சொன்னால் திட்டாதே, புத்தி சொல்லாதே, உட்கார்ந்து கேள். தனியே விடாதே. கையில் ஆபத்தானது எதுவும் எட்டாமல் பார்த்துக்கொள். 14416 டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கியது, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழைத் தேர்ந்தெடு. அவன் போனைத் தொடவில்லை என்றால் நீயே பேசு. நிலைமை கைமீறினால் 112, இல்லையென்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. என் நம்பரையும் அவன் போனில் போட்டுக்கொடுத்தேன். ரூமில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இன்னொரு நண்பன் இருக்கிறான் என்றதும், அவனுக்கு அங்கேயே போன் செய்து பக்கத்திலேயே இருக்கச் சொல்ல வைத்தேன். பிறகு பையனை மேஜைப் பொறுப்பாளரிடம் கூட்டிப்போய், இவன் உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அந்த அம்மா காரணம் கேட்கவில்லை. ஒரு டாக்ஸியைத் தேடி ஆள் அனுப்பினார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கெண்டைக்கால் இறுகிவிட்டது.

ஹாஜி அலி, பெடர் ரோடு ஏற்றம், மரீன் டிரைவ். ஏற்றத்தில் வீட்டு வாசல்களில் நின்று ஆரஞ்சுச் சுளையும் உப்பும் கடலைமிட்டாயும் நீட்டினார்கள். குழந்தைகள் கையை நீட்டித் தட்டச் சொன்னார்கள். எல்லாம் நினைவில் மங்கலாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சி.எஸ்.எம்.டி. பக்கம் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கழுத்தில் மெடல் போட்டார்கள்.

ராத்திரி ஏழு மணிக்குத்தான் போன் வந்தது.

"கேட்டேங்கா. மொதல்ல கோவப்பட்டான். அப்புறம் ரொம்ப நேரம் அழுதான். போன் பண்ணோம், தமிழ்லதான் பேசுனாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"நீ சாப்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நாளைக்கு நானே கூப்பிடுதேன்."

ஆறாம் நாள், திங்கள்

காலை எட்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்களாம். டோக்கன் எண் 41.

கீழே இறங்கும்போது ஏணிப் படியில் தொடை நடுங்கியது. சாயங்காலம் ரயில். அத்தை என் உடுப்பையெல்லாம் துவைத்துச் சந்துக்கு மேலே கட்டிய கொடியில் போட்டிருந்தாள். அந்த டி-ஷர்ட்டை, எழுத்து வெளுத்துவிடக் கூடாது என்று, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் வாசலில் நின்று மாமாவிடம் மெடலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மருமகள் எதற்கு ஓடினாள் என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் உள்ளே வந்தார். ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்மேல் ஏறி, கிளிப்பைக் கழற்றி, ஈர டி-ஷர்ட்டை உதறி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி புரட்டினார். முதுகுப் பக்கம் தெருவைப் பார்க்கத் திருப்பி, இரண்டு கிளிப்பையும் மாட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் தலையை உயர்த்தி வாசிக்க ஆரம்பித்தார்.